திதி தெரிந்த வீட்டில் ஓதம் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மும்பையைச் சுற்றி ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றி வெளியான கட்டுரையை எங்கள் வீட்டில் அனைவரும் படித்தோம். அலிபாக், எலிபெண்டா, வசாய்க் கோட்டை, கர்னாளா, மாத்தேரான், கர்ஜத் பக்கத்து அருவிகள் என இடங்களைச் சரியாகவே தேர்ந்திருந்தீர்கள். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பவையும் இருந்தன. நான் குறையாகச் சொல்ல வருவது ஒன்றைத்தான். அந்த இடங்களில் பலவற்றுக்கு, நாம் எப்போது போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் கடலோ காட்டாறோதான் முடிவு செய்கிறது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. தமிழ்நாட்டுக் கரைகளைப் பார்த்து வளர்ந்து இங்கே குடியேறிய நமக்கு அந்த ஒரு வரி மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று நான் நினைப்பதற்கு, எங்களுக்கே நேர்ந்த ஓர் அனுபவம் காரணம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செம்பூரிலிருந்து கிளம்பி, கேட்வே ஆப் இந்தியாவில் படகு ஏறி, மாண்ட்வாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் அலிபாக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் குலாபா கோட்டைக்கு ஜனங்கள் மணலில் நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள். குதிரை வண்டிகளும் நின்றன. தண்ணீர் கணுக்காலைத்தான் தொட்டது. "அலையே இல்லையே அத்தான், இது கடலா, ஏரியா?" என்று மைத்துனர் சிரித்தார். கடல் பார்த்து வளர்ந்த மனிதர் சொல்கிறாரே என்று நாங்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம்.

கோட்டைக்குள் பார்க்க நிறைய இருந்தது. சிவாஜி தம் கடைசிக் காலத்தில் கட்டத் தொடங்கி, பின்னர் மராட்டியக் கடற்படைத் தலைவர்களான ஆங்கிரேக்களின் தளமாக விளங்கிய கோட்டை அது. உள்ளே பிள்ளையார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர்க் கிணறும் இருக்கிறது. மதில் நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். என் மனைவிக்கு அன்று சஷ்டி விரதம் என்பதால் இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டரை மணிக்கு வெளியே வந்து பார்த்தால், நாங்கள் நடந்து வந்த மணலைக் காணோம். முழங்கால் அளவுதானே என்று இறங்கியவர்களுக்குப் பாதி வழியில் அது இடுப்பைத் தொட்டது. அலை அடிக்கவில்லை, சத்தமில்லை. காலுக்கடியில் மணல் மட்டும் அரித்துக்கொண்டு போயிற்று. மைத்துனரின் பெண்ணுக்கு எட்டு வயது; அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் நின்ற நிலையில் சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. கடைசி நடையாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குதிரை வண்டிக்காரர் எங்களைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, பெண்களையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, எங்களை வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி நடக்கச் சொன்னார்.

கரையேறிய பிறகு அவர் எங்களைத் திட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். "ஆஜ் ஷஷ்டி, சாடேசார்லா பர்த்தி" (இன்று சஷ்டி, நாலரைக்கு ஏற்றம்) என்று மராத்தியில் அவர் சொன்னதில், மராத்தி அவ்வளவாகத் தெரியாத என் மனைவிக்கு 'சஷ்டி' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. இன்று சஷ்டி என்று குதிரை வண்டிக்காரருக்கு எப்படித் தெரியும், தெரிந்தாலும் அதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். கடல் நீர் ஏறி வற்றுவதுதான் ஓதம்; பர்த்தி என்றால் ஏறும் ஓதம், ஓஹோட்டி என்றால் இறங்கும் ஓதம் என்பது எனக்குத் தெரியும். இந்த ஊரில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்குத் திதிக்கும் அதற்கும் உள்ள கணக்கு தெரியாமல் போனதுதான் வெட்கம்.

கணக்கு எளிமையானது, கொங்கணக் கரை மீனவர்கள் காலங்காலமாகப் போடுவது. வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும் திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால், ஏறத்தாழ அந்த மணிக்கு, நாளுக்கு இரண்டு முறை, கடல் முழுதாக ஏறி நிற்கும். சஷ்டி என்றால் ஆறு. ஆறுக்கு முக்கால் நாலரை. மாலை நாலரைக்கு ஏற்றம் என்றால், அதற்குச் சுமார் ஆறே கால் மணி நேரம் முந்தி, அதாவது காலை பத்தேகாலுக்கு, கடல் முழுதாக வற்றியிருக்கும். நாங்கள் பத்தரைக்குக் கடற்கரையில் நின்றபோது ஏரி போலத் தெரிந்தது அதனால்தான். உண்மையில் அப்போதே கடல் திரும்பி வரத் தொடங்கிவிட்டது. ஏறுகிற ஆறு மணி நேரமும் அது ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுகிறதா என்றே தெரியாது. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடுகிறது. ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறவர்கள் சரியாக அந்த நடு வேளையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் நம்மவர்களுக்கு என்ன தனிக் குறை என்று கேட்கலாம். சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியதுதான். தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் அதுவும் இல்லை. மெரினாவிலும் திருச்செந்தூரிலும் நமக்குச் சொல்லித்தரப்பட்ட பயமெல்லாம் அலையைப் பற்றியது: அலைக்கு முதுகைக் காட்டாதே, இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது. மும்பைக் கடலோ அகலமான ஆழமற்ற கண்டத்திட்டின் மேல் கிடக்கிறது; பெரிய ஓத நாட்களில் வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டும். வடக்கே காம்பத் வளைகுடாவில் அது இன்னும் மிக அதிகம். அலை அடங்கியிருக்கும் கடலை நம் கண் 'சாதுவான கடல்' என்று எடைபோடுகிறது. நம் ஊரில் அது சரி, இங்கே அது பிழை. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை ஏற்றத்தின்போது முழுகிவிடுவதைப் பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை பார்த்தவர்கள்தான் நாம். அதே கடல்தான் அலிபாக்கிலும் இருக்கிறது என்பது மட்டும் தோன்றுவதில்லை. மழைக்காலத்தில் மாநகராட்சி 4.5 மீட்டருக்கு மேல் ஓதம் வரும் நாட்களை அறிவிக்கிறது. தாங்களும் அதை வெளியிடுகிறீர்கள். ஆனால் அது தாதரிலும் சயானிலும் தண்ணீர் தேங்குமா என்ற கவலைக்காக மட்டுமே படிக்கப்படுகிறது.

அந்தக் கணக்குத் தெரிந்தால் ஆபத்திலிருந்து தப்புவது மட்டுமில்லை, பார்க்கப் போன காட்சியும் கிடைக்கும். தாணே கழிமுகத்தில் பூநாரைகளைப் பார்க்க ஐரோலியிலிருந்து வனத்துறைப் படகு விடுகிறார்கள். 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் ஈரநிலங்களுக்கான உலக ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம் அது. கழிமுகம் ஆழமற்றது என்பதால் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தை ஒட்டியே படகு போகும்; அதனால் படகின் நேரம் நாளுக்கு நாள் மாறும். நம்மவர்கள் 'ஞாயிறு காலை ஒன்பதுக்கு' என்று தாமாகவே ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு போய், படகு பிற்பகலில்தான் என்று கேட்டுத் திரும்பி வருகிறார்கள். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரையைத் தூரத்துப் புள்ளியாகப் பார்த்தவர்களுக்கு, அதே கழிமுகத்தின் மும்பைக் கரையான சிவ்ரியில் சேறு மெல்ல மெல்லத் தண்ணீரில் மறைய மறைய அந்தப் பறவைகள் இரை தேடியபடியே கரைப்பக்கம் நகர்ந்து வரும் அரை மணி நேரம் எத்தனை பெரியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் ஓதத்தின் கணக்குதான்.

காட்டாற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உயிர்ச்சேதம் அங்கேதான் அதிகம். அருவி என்றால் நம் மனத்தில் இருப்பது குற்றாலம்: பிடித்துக்கொள்ளக் கம்பி, பக்கத்தில் போலீஸ், தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை. அந்தக் காவல் இருக்கும் இடத்திலேயே 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. கர்ஜத், பத்லாபூர், கார்கர் பக்கத்து அருவிகள் பலவற்றில் கம்பியும் இல்லை, காவலும் இல்லை. சஹ்யாத்ரியின் கரும்பாறை தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மேலே மலையில் பெய்த மழை, கீழே நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், சிறிது நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும்தான் முன்னறிவிப்பு. அதைக் கண்டதும் செல்பேசியைக்கூடத் தேடாமல் மேட்டில் ஏற வேண்டும். 2024 ஜூன் 30 அன்று லோனாவ்ளாவில் பூஷி அணைக்குப் பக்கத்து அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் பாறை நடுவில் ஒருவரையொருவர் பிடித்தபடி நின்று, பின் அடித்துச் செல்லப்பட்டதைக் காணொளியில் பார்த்தவர்கள் அந்தச் சில நிமிடங்களை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆண்டுதோறும் மழை தொடங்கியதும் மாவட்ட நிர்வாகங்கள் தடை உத்தரவு போடுகின்றன. கார்கரின் பாண்டவ்கடா போன்ற இடங்களில் நுழைவே கூடாது என்று வனத்துறை பலகை வைக்கிறது. பலகை மராத்தியில் இருக்கிறது என்பதை ஒரு சாக்காக நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்; அதை நான் ஏற்கவில்லை. மண்டை ஓட்டுப் படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஆனால் 'போகாதே' என்று சொல்லிவிட்டு, 'அப்படியானால் எங்கே போவது' என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் ஜனங்கள் பக்கத்து ஒற்றையடிப் பாதையைத் தேடுகிறார்கள். தங்கள் கட்டுரை அந்த வேலையைச் செய்திருக்கலாம். மழையில் ஓடும் நீரைப் பார்க்க வேண்டும் என்றால் போரிவ்லி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரிக் குகைகளுக்குப் போகச் சொல்லுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் குடைந்தவை. அந்தத் துறவிகள் பாறையின் முதுகில் வெட்டிவைத்த வாய்க்கால்கள் இன்றைக்கும் மழை நீரை ஏந்தி, குகைக்குக் குகை இருக்கும் தொட்டிகளில் கொண்டுவிடுகின்றன. ஜூலை மாதத்தில் குடையைப் பிடித்தபடி ஒரு தொட்டியின் பக்கத்தில் நின்றால், வாய்க்காலில் இருந்து தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்காது. படி வழுக்கும், அவ்வளவுதான். திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்; எலிபெண்டாவுக்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை. இந்த விவரமும் கட்டுரையில் இல்லாததால் தீபாவளி விடுமுறைத் திங்களில் எத்தனை குடும்பங்கள் கேட்வேயில் நின்று திரும்புமோ தெரியவில்லை.

கோயிலைத்தான் பார்ப்பேன் என்கிறவர்களுக்கு அம்பர்நாத் இருக்கிறது. சிலாஹார அரசர்கள் காலத்தில், 1060-ல் எழுந்த சிவன் கோயில், லோக்கல் ரயிலில் போய் இறங்கி ஆட்டோவில் சேர்ந்துவிடலாம். டோம்பிவிலியிலும் கல்யாணிலும் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தும், பக்கத்தில் இருக்கும் அந்தக் கல்லைப் பார்த்தவர்கள் குறைவு.

மாத்தேரானைப் பற்றி ஒரு திருத்தம். நேரலிலிருந்து மலையேறும் சிறிய ரயிலைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். 1907 முதல் ஓடும் அந்த ரயிலுக்கு எந்தப் புகழும் தகும். ஆனால் மழை மாதங்களில் அது முழு வழியும் ஓடுவதில்லை. மலை மேலுள்ள அமன் லாட்ஜ் ஸ்டேஷனுக்கும் மாத்தேரானுக்கும் இடையில்தான் ஓடும். மாண்ட்வாவுக்குக் கேட்வேயிலிருந்து போகும் சிறு படகுகளும் மழைக்காலத்தில் நின்றுவிடும். பாவுச்சா தக்காவிலிருந்து வண்டிகளை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் ஒன்றுதான் வழி. ஜூனில் வெளியாகும் கட்டுரையில் இவை இருக்க வேண்டாமா?

தண்டவாளப் பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்திவைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. காலையில் போகும்போது தப்பித்தாலும் பிற்பகலில் பன்வேலில் உட்கார வைத்துவிடும். படகைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நாள்தோறும் ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம் எல்லாவற்றையும் தவறாமல் அச்சிடுகிறீர்கள். அதே கட்டத்தில், சனிக்கிழமை இதழில் மட்டுமாவது, மறுநாள் மும்பையில் கடல் ஏறும் நேரம் இரண்டு, வற்றும் நேரம் இரண்டு, அந்த வாரத்து மெகா பிளாக் என ஒரே ஒரு வரியைச் சேர்த்துக் கொடுங்கள். திதியை வைத்துப் போடும் முக்கால் கணக்கு அரை மணி, முக்கால் மணி முன்பின்னாக இருக்கும். உயிரோடு விளையாடும் விஷயத்துக்கு அது போதாது, அச்சிட்ட அட்டவணையின் நேரம்தான் வேண்டும். ஆனால் பத்திரிகை கையில் இல்லாத நாளில் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் அந்தக் குறையை ஓரளவு நிரப்பும். அதைக் கிழிக்காத தமிழ் வீடு இந்த ஊரில் எது? செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சஷ்டி எப்போது, கிருத்திகை எப்போது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சஷ்டியன்று மாலை நாலரைக்குக் கடல் ஏறி நிற்கும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதால் பக்திக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு முறை உறுப்பினர்களைச் சுற்றுலா அழைத்துப் போகின்றன. தேதி குறிப்பவர்கள் பள்ளி விடுமுறையையும் பஸ் வாடகையையும் பார்ப்பதோடு திதியையும் ஒரு முறை பார்த்தால் நல்லது.

அலிபாக் கட்டுரையை மறுபடி வெளியிடும்போது ஒரு குறிப்பும் சேர்க்கலாம்: கோட்டைக்கு நடந்து போகிறவர்கள், போவதற்கு முன் 'ஓஹோட்டி கதீ?' (எப்போது வற்றும்?) என்று குதிரை வண்டிக்காரர்களிடம் கேட்க வேண்டும். வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் மணலில் இறங்கி, ஒரு மணி பின்னால் கரையேறிவிட வேண்டும். வண்டிக்கு அவர்கள் கேட்கும் காசை வைத்துப் பேரம் பேசும் நாம், அவர்களிடம் காசில்லாமல் கிடைக்கும் இந்த ஒரு பதிலைக் கேட்பதில்லை. மறுபடி அலிபாக் போகும்போது எங்களைக் கரையேற்றியவரைக் கட்டாயம் தேட வேண்டும் என்று மைத்துனர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மைத்துனர் இந்த டிசம்பரில் மறுபடி வருகிறார். ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் தூத்துக்குடியிலிருந்து போன் செய்து, எந்த ஞாயிற்றுக்கிழமை துவாதசி வருகிறது என்று தம் அக்காவிடம் கேட்டார். துவாதசி என்றால் பன்னிரண்டு, முக்கால் போட்டால் காலை ஒன்பதுக்கு ஏற்றம். பிற்பகல் மூன்றை ஒட்டி வற்றிவிடும், இரண்டு மணிக்கு நடக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும் என்று அவரே கணக்கும் சொன்னார். ஏகாதசி விரதத்தின் பாரணையை அன்று காலை மாண்ட்வா படகிலேயே முடித்துக்கொள்வதாக என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
செம்பூர், மும்பை.